பார்வை திரும்பிய பிறகு

கடற்கதைகள் நம் மக்களுக்குப் புதியவை அல்ல. வைத்திக்குப்பத்துக் கரையில் வலை பழுது பார்க்கும் முதியவர் ஒருவரருகே அரைமணி நேரம் அமர்ந்தால் போதும். புயலில் திசைமாறிப் போன கட்டுமரத்தைப் பற்றியும், இரவெல்லாம் பலகையைப் பற்றிக்கொண்டு மிதந்து விடியலில் கரை சேர்ந்தவரைப் பற்றியும் அவர் சொல்லக் கேட்கலாம். இத்தகைய கதைகளைக் கேட்கும் எவரும் முதலில் வினவுவது, 'ஆள் பிழைத்தாரா?' என்பதையே. பிழைத்தார் என்று அறிந்ததும் நெஞ்சு ஆறுதல் அடைகின்றது, கதையும் முடிந்துவிடுகின்றது.

அமெரிக்க எழுத்தாளர் தியடோர் டெய்லர் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி கே' என்னும் சிறு புதினம் அந்த முதல் வினாவோடு நின்றுவிடவில்லை. பிழைத்தவன் எத்தகைய மனிதனாகக் கரை சேர்ந்தான் என்று அது கேட்கின்றது. பவளப் பாறைகளுக்கு நடுவே எழும் சின்னஞ்சிறு மணல்தீவைக் குறிக்கும் சொல்லே இந்நூலின் பெயர். இளையோருக்கென எழுதப்பட்ட இந்நூலை எங்கள் பங்கின் இளையோரும் வைத்திக்குப்பத்து மீனவ இல்லங்களின் பிள்ளைகள் சிலரும் அண்மையில் ஒன்றுகூடிப் படித்தனர். ஆங்கிலம் எளிதாக வருபவர்கள் படித்துவந்து மற்றவர்க்குத் தமிழில் சொன்னார்கள். ஆறு ஞாயிறு மாலைகள் இவ்வாறு கழிந்தன. அவர்கள் எழுப்பிய வினாக்கள் இந்நூலைப் பற்றிய நம் மதிப்பீட்டைக் கூர்மையாக்குகின்றன. பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் அவற்றை அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இதனை எழுதுகின்றேன்.

நூலும் கதையும்

டெய்லர் 1921ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர், 2006இல் மறைந்தார். வணிகக் கப்பல்களில் பணிபுரிந்து கடலை நேரில் அறிந்தவர். மார்ட்டின் லூத்தர் கிங் 1968 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த இந்நூலை, அவர் கண்ட கனவுக்கே ஆசிரியர் காணிக்கையாக்கினார். சிறுவர்கள் உணர்ந்தாலன்றி அந்தக் கனவு நனவாகாது என்பது அவருடைய நம்பிக்கை.

கதை நிகழும் காலம் 1942. களம் வெனிசுவேலாவுக்கு வடக்கே டச்சுக்காரர் ஆண்ட குராசோ தீவும் அதனைச் சூழ்ந்த கரீபியக் கடலும். பதினொரு வயதுச் சிறுவன் பிலிப், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பணியாற்றும் தந்தையோடும் தாயோடும் அங்கே வாழ்கின்றான். ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அப்பகுதியைத் தாக்கத் தொடங்கியதும், அஞ்சிய தாய் மகனை அழைத்துக்கொண்டு தாயகம் திரும்பக் கப்பலேறுகின்றாள். கப்பல் தாக்கப்பட்டு மூழ்குகின்றது. தலையில் அடிபட்ட சிறுவன் கண்விழிக்கும்போது ஒரு தெப்பத்தில் கிடக்கின்றான். உடன் இருப்பவர்கள் திமோத்தி என்னும் எழுபது வயது கடந்த கறுப்பினக் கப்பல் தொழிலாளியும் ஒரு பூனையுமே. இரண்டு நாள்களில் சிறுவனின் பார்வை மறைகின்றது. பின்னர் ஒரு மைல் நீளமே உள்ள, மனிதர் வாழாத மணல்தீவில் இருவரும் ஒதுங்குகின்றனர். சுற்றிலும் பவளத் திட்டுகள் இருப்பதால் கப்பல்கள் அப்பக்கம் வருவதில்லை.

சிறுவனின் தாய் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்தவள். கறுப்பினத்தார் வேறு, நாம் வேறு. அவர்கள் இடம் அவர்களுக்கு, நம் இடம் நமக்கு என்பது அவள் கொண்டிருந்த எண்ணம். இந்தத் தாயை ஆசிரியர் கொடியவளாகக் காட்டவில்லை என்பது கருதத்தக்கது. அவள் மகன்மீது உயிரையே வைத்திருப்பவள். அச்சத்தால் நடுங்குபவள். அந்தப் பாசத்தோடு பாசமாகவே பிறரைப் பற்றிய இழிவெண்ணமும் மகனுக்குள் இறங்கிவிடுகின்றது. குளிக்கச் சொல்லும் அதே வாய், சாப்பிட அழைக்கும் அதே குரல், 'அவர்களோடு சேராதே' என்றும் சொல்கின்றது. தப்பெண்ணம் பெரும்பாலும் வெறுப்பின் வழியாக வருவதில்லை. அன்பின் வழியாக வருகின்றது. ஆதலால்தான் அதைக் களைவது இத்துணை கடினமாயிருக்கின்றது. பெற்றோர் இந்நூலின் முதற்பகுதியைக் கவனமாகப் படிக்கவேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

கயிறும் பாயும்

இப்புதினத்தின் சிறப்பு அறிவுரைகளில் இல்லை, கைவேலைகளில் இருக்கின்றது. திமோத்தி சமத்துவத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. கொடிகளை முறுக்கிக் கயிறு திரித்து, குடிசையிலிருந்து கடற்கரை வரை கட்டுகின்றார். பார்வையற்ற சிறுவன் அதைப் பற்றிக்கொண்டு தனியே நடக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். ஊன்றுகோல் செய்து தருகின்றார். ஆணிகளை வளைத்துத் தூண்டில் முள் ஆக்குகின்றார். தென்னையில் ஏறவும், மீன் பிடிக்கவும், பாய் முடையவும் கற்பிக்கின்றார். தாம் இறந்துபோனால் இப்பிள்ளை தனித்து வாழவேண்டுமே என்ற கவலை, ஒவ்வொரு செயலிலும் ஒளிந்திருக்கின்றது. சிறுவன் அதைப் பிற்பாடுதான் உணர்கின்றான்.

இரண்டு நிகழ்ச்சிகள் இந்நூலின் உயிர்நாடி எனலாம். வானூர்திகளில் செல்வோர் காணும்படி, உதவி வேண்டும் என்ற சொல்லைக் கற்களால் மணலில் எழுதத் திமோத்தி விரும்புகின்றார். ஆனால் அவருக்கு எழுத்துத் தெரியாது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருடைய தன்மானம் இடம் தரவில்லை. சிறுவன் குறிப்பறிந்து, மணலில் எழுத்துகளைக் கீறிக் காட்டுகின்றான். கண்ணில்லாதவன் எழுத்துச் சொல்லித்தர, எழுத்தில்லாதவர் கற்களை அடுக்குகின்றார். அந்நேரத்தில் இருவரும் சமமாகிவிட்டார்கள் என்று வாசகர் மகிழ்கின்றார்.

அந்த மகிழ்ச்சி நீடிப்பதில்லை. பாய் முடையக் கற்பிக்கும்போது கை திருந்தாத சிறுவன் சினம் கொண்டு ஓலையை வீசியெறிகின்றான். முதியவரின் நிறத்தை இழித்துப் பேசுகின்றான். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றும் பழிக்கின்றான். சற்று முன்னர் நட்பின் கருவியாயிருந்த எழுத்து இப்போது வசையின் கருவியாகிறது. திமோத்தி அவனை அறைகின்றார். பின் அமைதியாகத் தம் வேலையைத் தொடர்கின்றார். அதன் பிறகே சிறுவனின் உள்ளம் இளகுகின்றது. கல்வியால் தப்பெண்ணம் தானே ஒழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இப்பகுதியை இருமுறை படிக்கலாம். படித்தவன் பிறரை இழிவுபடுத்தக் கூடுதலாக ஒரு சொல்லைப் பெறுகிறான், அவ்வளவே. பிலிப்பை மாற்றியது அவன் அறிந்திருந்த எழுத்து அன்று. தான் தாழ்வாக எண்ணிய ஒருவரிடம் மாணவனாக அமர நேர்ந்ததே அவனை மாற்றியது.

பின்னர் கடும் சூறாவளி வீசுகின்றது. திமோத்தி சிறுவனைத் தென்னையோடு சேர்த்துக் கட்டி, தம் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து அவனைக் காக்கின்றார். காற்றடங்கியபின் அவர் இறந்துபோகின்றார். சிறுவன் தன் கைகளாலேயே அவரை அடக்கம் செய்கின்றான். அவர் கற்பித்த தொழிலால் உயிர் பிழைத்திருந்து, ஆகஸ்ட் திங்களில் மீட்கப்படுகின்றான். அறுவை மருத்துவத்தால் பார்வையும் திரும்புகின்றது.

இளையோர் கூறியவை

இனி நம் இளையோரின் மறுமொழிகளைக் காண்போம். முதலில் பேசியவன் மீனவ இல்லத்து மாணவன் ஒருவன். பார்வையற்ற சிறுவன் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது நம்பத்தக்கதா என்று நகரத்துப் பிள்ளைகள் ஐயுற்றபோது அவன் சிரித்தான். இருட்டில் தொழில் செய்வோர் கண்ணையா நம்புகின்றனர். விரலில் ஓடும் நூல்தான் மீனைச் சொல்லும் என்றான். அதுவரை அக்கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தவன், அன்று அரைமணி நேரம் மற்றவர்க்கு ஆசிரியனானான். நூலுக்குள் நடந்தது நூலுக்கு வெளியேயும் சிறிது நடந்தது என்பேன்.

இரண்டாவது மறுமொழி, விளித்தல் பற்றியது. திமோத்தி நெடுநாள் அச்சிறுவனை 'இளைய முதலாளி' என்னும் பொருள்பட அழைக்கின்றார். சிறுவனோ அவரைப் பெயர் சொல்லி அழைக்கின்றான். பின்னொரு நாள் தன்னைப் பெயர் சொல்லியே அழைக்கும்படி பிலிப் வேண்டுகின்றான். ஆங்கில வாசகர் இதனை நட்பின் அடையாளமாகக் கொள்வர். எங்கள் கூட்டத்திலிருந்த கல்லூரி மாணவி ஒருத்திக்கு இது போதவில்லை. 'முதலாளி என்று அழைப்பதை அவர் நிறுத்தினார், சரி. இவன் அவரைத் தாத்தா என்று அழைத்தானா?' என்று கேட்டாள். தமிழருக்கே தோன்றும் வினா இது. எழுபது வயதுக்காரரைப் பதினொரு வயதுப் பிள்ளை பெயர் சொல்லி, ஒருமையில் அழைப்பது நம் ஊர்களில் எங்கே நிகழ்ந்தது, யாருக்கு நிகழ்ந்தது என்பதை நாம் அறிவோம். பண்ணையில் உழைத்த முதியவர் பண்ணைவீட்டுக் குழந்தையைச் 'சின்னையா' என்பார். குழந்தை அவரை 'டேய்' என்னும். உறவுச் சொல் என்பது நம் மொழியில் மரியாதையின் வாசல். அதைத் திறக்காதவன் உள்ளே வரவில்லை என்பதே அம்மாணவியின் தீர்ப்பு.

மூன்றாவது மறுமொழி நூலின் அடித்தளத்தையே தொட்டது. பார்வை போனதால் பிலிப்பின் கண்ணுக்கு நிறம் மறைகின்றது; நிறம் மறைந்ததால் மனிதர் தெரிகின்றார். இந்த அமைப்பை அமெரிக்கப் பள்ளிகளில் பலர் வியந்து போற்றியுள்ளனர். ஆனால் நம் நாட்டில் சாதியைக் கண்ணால் காண்பவர் யார்? இங்கே பார்வையற்றவரும் சாதி பார்ப்பார். 'எந்த ஊர்?' என்பார், 'ஊரில் எந்தத் தெரு?' என்பார், 'அப்பா என்ன தொழில்?' என்பார். மூன்று வினாக்களில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். 'பிலிப் நம் ஊர்ப் பையனாக இருந்தால், கண் போன மறுநாளே அவரிடம் தெருப் பெயரைக் கேட்டிருப்பான்' என்று ஒரு மாணவன் சொன்னபோது எல்லாரும் சிரித்தனர். பின் எல்லாரும் அமைதியாயினர்.

நான்காவதாக எழுந்ததே மிகவும் கடினமான வினா. பொதுவான பேரிடர் மனிதரை ஒன்றாக்கும் என்று இந்நூல் சொல்கின்றதே, அது மெய்யா? இதற்கு விடை தேடக் கரீபியக் கடலுக்குச் செல்லவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் புதுவை ஒன்றியப் பகுதியில் காரைக்கால் பேரிழப்பைச் சந்தித்தது. அலை எவரிடமும் சாதி கேட்கவில்லை. ஆனால் அலை வடிந்தபின் அமைக்கப்பட்ட முகாம்கள் சிலவற்றில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதும், குடிநீரிலும் உணவிலும் வேறுபாடு காட்டப்பட்டதும் அந்நாளைய செய்தித்தாள்களிலும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளிலும் பதிவாகியுள்ளன. ஒரே கடலில் உறவினரை இழந்தவர்கள் ஒரே தொட்டியில் நீர் எடுக்க இயலவில்லை. அப்போது பிறந்தேயிராத பிள்ளைகள் இதைக் கேட்டு, 'அப்படியானால் டெய்லர் எழுதியது பொய்தானே?' என்றனர்.

டெய்லர் எழுதியது பொய் அன்று. குறைவு என்றே நான் சொல்வேன். இடர் மனிதரை அருகருகே கொண்டுவந்து நிறுத்தும். அதற்குமேல் அது எதுவும் செய்யாது. தெப்பத்தில் பிலிப்பும் திமோத்தியும் ஒரே இடரில்தான் இருந்தனர். அங்கே சிறுவன் தள்ளியே அமர விரும்பினான். அவனை மாற்றியவை பின்னர்த் தீவில் நாள்தோறும் நிகழ்ந்த சிறு செயல்கள்: அவர் கையால் உண்டது, அவர் திரித்த கயிற்றைப் பற்றி நடந்தது, அவருக்குக் காய்ச்சல் கண்டபோது இவன் பணிவிடை செய்தது. முகாம்களில் இல்லாமற்போனதும் இந்தக் கொடுக்கல் வாங்கலே.

நம் சொந்தச் சுவர்

இவையெல்லாம் வேற்றாரின் குறைகள் என்று திருச்சபை மக்களாகிய நாம் ஒதுங்கிவிட இயலாது. புதுவையின் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு உலகறிந்த வரலாற்று ஏடு. அதில் 1745ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. நம் சம்பாக் கோயிலின் உட்புறத்தில் ஒடுக்கப்பட்ட குலத்துக் கிறித்தவரை மற்றவரிடமிருந்து பிரிக்கச் சுவர் ஒன்று எழுப்பப்பட்டிருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குருவானவரிடம் அம்மக்கள் முறையிட்டனர். அவர் அதன் நியாயத்தை ஏற்று, சுவரை இடிக்கச் செய்தார். உடனே மேற்குலத்தாரிடையே எதிர்ப்பு எழுந்தது. கிறித்தவரல்லாத ஒருவர் எழுதி வைத்ததால் இந்நிகழ்ச்சி நமக்குக் கிடைத்திருக்கின்றது.

அந்தப் பழைய ஆலயம் 1761இல் ஆங்கிலேயர் நகரை அழித்தபோது அழிந்தது. இன்று நாம் காணும் பேராலயம் 1791இல் கட்டிமுடிக்கப்பட்டது. அதன் உள்ளே சுவர் இல்லை. ஆயினும் தமிழகத்தின் சில ஊர்களில் தனிக் கல்லறைத் தோட்டங்களும், தேர்ப்பவனி செல்லாத தெருக்களும் இருந்துவந்ததை அறியாதவர் நம்மில் யார்? கல்லால் ஆன சுவர் ஓர் உத்தரவில் விழும். பிலிப்பின் தாய் எழுப்பிய சுவர் போன்றது குழந்தையின் நெஞ்சில் எழுவது. அது விழ நெடுநாள் ஆகும்.

நூல்மீது சாட்டப்பட்ட குற்றம்

இப்புதினம் வெளிவந்தபோது பாராட்டுகள் குவிந்தன. 1970இல் ஜேன் ஆடம்ஸ் சிறுவர் நூல் விருது கிடைத்தது. சில ஆண்டுகளில் கடும் எதிர்ப்பும் வந்தது. திமோத்தி தமக்கென வாழ்வில்லாதவராக, வெள்ளைச் சிறுவனுக்குப் பணிவிடை செய்து மடிவதற்கென்றே படைக்கப்பட்டவராக இருக்கின்றார் என்றும், அவருடைய பேச்சும் மூடநம்பிக்கைகளும் அவரை இழிவுபடுத்துகின்றன என்றும் குறைகூறினர். 1975இல் டெய்லர் அவ்விருதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

குறைகூறியோர் சொன்னதில் உண்மை உண்டு. கதை முழுவதும் பிலிப்பின் வாயால் சொல்லப்படுகின்றது. ஆகவே நமக்குக் கிடைப்பது பிலிப்புக்குத் தெரிந்த திமோத்தி மட்டுமே. எழுபது ஆண்டுகள் அவர் எங்கெங்கே அவமானம் சுமந்தார், சிறுவன் இழித்துப் பேசிய இரவில் அவர் என்ன எண்ணினார் என்பவை இருட்டிலேயே இருக்கின்றன. ஒருவனின் மனமாற்றத்துக்கு மற்றொருவரின் சாவு விலையாக வேண்டுமா என்று எங்கள் இளையோரும் கேட்டனர். தம் உயிரைப் பிறருக்காகக் கொடுப்பதைவிட மேலான அன்பில்லை என்று நம்புகின்ற நமக்கு, இவ்வினா சற்று உறுத்தும். ஆனால் தன்னையே கொடுக்கும் அன்பு வேறு; எப்போதும் ஒரே சாராரையே கொடுக்கச் சொல்லி, மற்றொரு சாரார் கண்கலங்கிப் பாராட்டிக்கொண்டிருப்பது வேறு. திமோத்தியின் அன்பு முதல்வகை என்றே நான் கொள்கின்றேன். அதைப் படித்துக் கண்ணீர் விட்டதோடு நின்றுவிடும் வாசகர் இரண்டாம் வகையில் சேர்ந்துவிடுகின்றார்.

டெய்லரும் இக்குறையை எண்ணிப் பார்த்தவர் போலும். 1993இல் 'திமோத்தி ஆஃப் தி கே' என்ற மற்றொரு நூலை வெளியிட்டார். அதில் பிலிப்பின் அறுவை மருத்துவத்தோடு திமோத்தியின் இளமையும் சொல்லப்படுகின்றது. இரு நூல்களையும் சேர்த்துப் படிப்பதே முறை.

எனினும், ஒடுக்கப்பட்டவரின் குரலைக் கேட்கத் தமிழ் வாசகர் அத்துணைத் தொலைவு செல்லவேண்டியதில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. கத்தோலிக்க ஊரில் தலித் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின் வெளியேறிய பெண்ணின் தன்வரலாறு அது. நம்மில் பலர் அதைத் திருச்சபைக்கு எதிரான நூல் என்று கருதி ஒதுக்கியதுண்டு. அது நம் வீட்டுப் பிள்ளையின் முறையீடு என்றே நான் படிக்கின்றேன். வயதான பாட்டியை நாயக்கர் வீட்டுச் சிறு பிள்ளைகள் பெயர் சொல்லி ஏவுவதும், அவர் அப்பிள்ளைகளை ஐயா என்பதும் அதில் வருகின்றன. திமோத்தி கதையில் மாணவி கேட்ட வினாவுக்கு விளக்கவுரை போன்றது அது. தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நிலக்கிழாரிடம் தரும் காட்சியும் அதில் உண்டு. வேடிக்கையாக நினைத்துச் சிரித்த சிறுமிக்கு அண்ணன் அதன் காரணத்தைச் சொல்கின்றார். அவளுடைய சிரிப்பு அன்றோடு போய்விடுகின்றது. திமோத்தி திரித்த கயிறு, பார்வையற்ற பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றது. இந்தப் பொட்டலத்து நூலோ, ஒரு மனிதரின் கையை உணவிலிருந்து விலக்கி வைத்தது. எங்கள் இளையோர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து எண்ணிப் பார்த்தபோதுதான், 'தி கே' அவர்களுக்குத் தமிழ்நாட்டுக் கதையாயிற்று.

இரண்டாம் முறை தொடுதல்

மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் பெத்சாய்தா ஊர்ப் பார்வையற்றவர் நலம் பெறும் நிகழ்ச்சி வருகின்றது. இயேசு அவரைத் தொட்டபின் அவருக்குப் பார்வை கிடைக்கின்றது. ஆனால் மனிதர் அவருக்கு நடமாடும் மரங்களைப் போல் தோன்றுகின்றனர். மீண்டும் தொட்ட பிறகே அனைத்தையும் தெளிவாகக் காண்கின்றார். கண் தெரிவது ஒன்று, மனிதரை மனிதராகக் காண்பது மற்றொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? பிலிப்பின் பெற்றோருக்கு நல்ல கண்கள் இருந்தன. அவர்கள் நாள்தோறும் கண்ட கறுப்பினத்தார் அவர்களுக்கு நடமாடும் மரங்களாகவே இருந்தனர்.

நல்ல சமாரியர் உவமையையும் இங்கே நினைவுகூரலாம். வழக்கமாக நாம் உதவி செய்தவரின் இடத்தில் நம்மை வைத்தே அதைத் தியானிக்கின்றோம். அடிபட்டுக் கிடந்தவரின் இடத்திலிருந்து பார்த்தால் அது வேறு கதையாகின்றது. தான் தீண்டத் தகாதவனாக எண்ணிய சமாரியனின் கை தன் புண்ணில் எண்ணெய் வார்க்கின்றது. அவன் விலங்கின்மேல் ஏறி, அவன் பணத்தில் சத்திரத்தில் தங்கவேண்டியிருக்கின்றது. அந்த யூதர் நலம் பெற்று ஊர் திரும்பிய பின் சமாரியரைப் பற்றி என்ன பேசினார்? ஆண்டவர் அதைச் சொல்லவில்லை. டெய்லரின் புதினம் அந்தச் சொல்லப்படாத பகுதியை எழுத முயன்றது என்றே எனக்குத் தோன்றுகின்றது. தான் தாழ்வாக எண்ணியவருக்கு உதவி செய்வது ஓரளவு எளிது. அதில் நம் உயர்வு குலைவதில்லை. அவரிடமிருந்து உதவி பெறுவதும், பெற்றதை ஊரறியச் சொல்வதுமே கடினம்.

புதினத்தின் இறுதிப் பக்கங்களை இந்நோக்கில் படிக்கவேண்டும். பார்வை திரும்பிய பிலிப் குராசோவுக்கு வருகின்றான். பழைய தோழர்கள் அவனுக்குச் சிறுவர்களாகத் தெரிகின்றனர். அவன் துறைமுகத்துக்கும் சந்தைக்கும் சென்று, கறுப்பின மக்களோடு பேசிக்கொண்டிருக்கின்றான். அவர்களுள் சிலர் திமோத்தியை அறிந்தவர்கள். நூல் முழுவதிலும் என்னை மிகவும் தொட்ட இடம் இதுவே. சூறாவளிக் காட்சிகூட இதற்கு அடுத்ததுதான். ஏனெனில் இப்போது அவனுக்குக் கண் தெரிகின்றது. நிறம் தெரிகின்றது. இடர் நீங்கிவிட்டது. அவர்களுடைய உதவி அவனுக்குத் தேவையில்லை. தாயின் வீட்டில் வசதியாக இருந்துவிடலாம். இவ்வளவும் இருந்தும் அவன் போகின்றான். தீவில் நிகழ்ந்தது மெய்யான மாற்றமா என்பதற்குச் சான்று இந்நடைதான். ஆழிப்பேரலைக்குப் பின் நம் முகாம்களில் காணாமற்போனதும் இந்நடைதான்.

ஆயினும் ஆசிரியர் இதைச் சில வரிகளில் முடித்துவிட்டார் என்பது என் குறை. மகன் சந்தைக்குப் போவதைத் தாய் எப்படி ஏற்றாள்? திமோத்தியைப் பற்றி வீட்டு உணவுமேசையில் பேச்சு எழுந்ததா? கடலில் நூறு நாள் பிழைப்பதைவிட, சொந்த வீட்டில் ஓர் இரவு உணவின்போது உண்மை பேசிப் பிழைப்பது கடினமாயிருந்திருக்கும். அதை டெய்லர் எழுதியிருந்தால் இந்நூல் இன்னும் பெரிய நூலாகியிருக்கும்.

அந்த எழுதப்படாத பகுதியை எங்கள் இளையோர் எழுதத் தொடங்கியுள்ளனர். கடைசி ஞாயிறன்று, பிலிப் வீடு திரும்பிய முதல் இரவைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி வரவேண்டும் என்று தாங்களே முடிவு செய்தனர். சிலர் தாயைத் திருத்தினர். சிலர் தாயைச் சினம் கொள்ள வைத்தனர். ஒருத்தி மட்டும் கதையில் பெயர்களை மாற்றி, தன் வீட்டையே எழுதி வந்தாள். தன்னோடு இக்கூட்டத்துக்கு வரும் தோழியை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடலாமா என்று அம்மாவிடம் கேட்பதோடு அந்தப் பக்கம் முடிந்திருந்தது. அம்மாவின் மறுமொழிக்கென்று கீழே சில வரிகள் இடம் விட்டிருந்தாள்.

இவ்விதழைப் படிக்கும் தாய்மார்களும் தந்தையரும் அந்த இடத்தை என்ன சொல்லி நிரப்புவார்கள்?